அரசரின் மகள் ஒருத்தி வரை போகும் தாய்வழி: ஒவ்வொரு கண்ணியையும் எப்படி உறுதிசெய்வது?

நிலாவெளி:

வணக்கம். மருமகள் கியூபெக் பிரெஞ்சுக் குடும்பம். அவளின் அம்மம்மா வழியாக ஏறிக்கொண்டே போனால், 1669இல் கியூபெக் நகரில் கலியாணம் முடித்த ஒரு பெண்ணில் போய் நிற்கிறது என்று ஒரு இணைய வம்சமரம் சொல்லுது. 'ஃபீய் து ருவா' (அரசரின் மகள்), அதாவது 14ஆம் லூயி மன்னரின் செலவில் நியூ பிரான்ஸுக்கு (அப்போதைய வட அமெரிக்கப் பிரெஞ்சுக் குடியேற்றம்) அனுப்பப்பட்ட பெண்களில் ஒருத்தியாம். மரத்தில் பன்னிரண்டு தலைமுறை இருக்கு, ஒன்றுக்கும் ஆதாரம் போடவில்லை. மேலிருந்து இறங்குவதா, கீழிருந்து ஏறுவதா? எந்தப் பதிவேட்டை எங்கே பார்க்கலாம்? எதுக்குக் காசு கட்ட வேணும், எது இலவசம்? பெயர்களை இங்கே போடவில்லை, உயிரோடு இருக்கிறவையும் சங்கிலியில் இருக்கினம்.

தாளோலை:

கீழிருந்துதான் ஏற வேண்டும். 1669இல் மணமுடித்த ஒருத்திக்கு இன்று ஆயிரக்கணக்கில் வாரிசுகள். மேலிருந்து இறங்கினால் எந்த மகள், எந்தப் பேத்தி என்று ஒவ்வொரு கவட்டையிலும் ஊகிக்க வேண்டிவரும். கீழிருந்து ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு தாய்தான்.

கியூபெக்கில் திருமணப் பதிவுதான் முதுகெலும்பு. ஞானஸ்நானப் பதிவை வைத்து ஏறாதீர்கள், அது துணைச்சான்று மட்டும். கத்தோலிக்கப் பங்கின் (ஒரு கோயிலுக்குரிய வட்டாரம்) திருமணப் பதிவு ஏறக்குறைய ஒரே வார்ப்பில் இருக்கும்: மூன்று ஓலை (கோயிலில் வாசிக்கும் மண அறிவிப்பு) வாசித்தாயிற்று, அல்லது ஒன்றிரண்டு ஓலைக்கு விலக்கு வாங்கியாயிற்று; மணமகன் பெயர், அவன் தகப்பன், தாய், அவர்களுடைய பங்கு; மணமகளுக்கும் அதேபோல் நான்கு விவரம்; சாட்சிகள்; கடைசியில் கையெழுத்து, அல்லது 'கையெழுத்திடத் தெரியாது என்றார்கள்' என்ற வரி. இதில் இரண்டு தாய்மாருக்கும் பிறந்த வீட்டுப் பெயரே இருக்கும். பிரெஞ்சுச் சட்ட மரபில் பெண் சாகும்வரை தகப்பன் வீட்டுப் பெயரோடுதான் ஆவணங்களில் நிற்பாள். அதனால் மணமகளின் தாய் பெயரும் தகப்பன் பெயரும் கிடைத்த உடனே அடுத்த வேலை, அந்த இருவரின் திருமணப் பதிவைத் தேடுவது. இப்படியே மணம் மணமாக ஏறினால் பன்னிரண்டு தலைமுறைக்குப் பன்னிரண்டு பதிவு. தாய்வழித் தேடல் இவ்வளவு சுலபமாக இருக்கும் ஊர் உலகில் அதிகம் இல்லை.

எங்கே பார்ப்பது:

கடந்த நூறாண்டுக்குள் நடந்தவற்றின் பதிவு பொதுவில் திறந்திருக்காது. அந்த மூன்று தலைமுறைக்கும் குடும்பத்தார் கையில் இருக்கும் சான்றிதழ், மரண அறிவித்தல், கல்லறைக் கல் இவற்றை முதலில் திரட்டுங்கள். காசு கட்டும் ஜெனியலோஜி கியூபெக் தளத்தில் 20ஆம் நூற்றாண்டுத் திருமண, இறப்பு அட்டவணைகள் கிடைக்கும். அதற்கு மேலே போனால் துருவேன் நிறுவனம் 1940களில் படம்பிடித்த பங்குப் பதிவேடுகள் அதே தளத்தில் உள்ளன. ஃபாமிலிசர்ச் என்ற வம்சத் தேடல் தளத்தில் 1621 முதலான கியூபெக் கத்தோலிக்கப் பதிவேட்டுப் படங்களைப் பார்க்க இலவசக் கணக்கே போதும். ஆனால் பங்கும் ஆண்டும் தெரிந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும்.

1621 முதல் 1849 வரைக்கும் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் பிஆர்டிஹெச் தரவுத்தளம். ஞானஸ்நானம், மணம், அடக்கம் மூன்றையும் குடும்பம் குடும்பமாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். முழுக் குடும்பத் தாளைத் திறக்கக் கட்டணம் உண்டு. ஒரு பெண்ணின் தாளைத் திறந்தால் பெற்றோரின் தாளுக்கு அங்கிருந்தே இணைப்பு இருக்கும். 1840களுக்குள் வந்து சேர்ந்துவிட்டால் மீதித் தலைமுறைகளை ஒரு மாலையில் ஏறிவிடலாம். ஆனால் அது அட்டவணை. மூலப்படத்தை ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிட்ட பிறகே 'உறுதி' என்று எழுதுங்கள்.

வால்காவேரி:

தாளோலை அக்கா சொன்னதோடு ஒன்று. இணைய மரத்தில் கப்பல் பெயரும் கரையிறங்கிய தேதியும் போட்டிருந்தால் அதை முதலில் அழி. அந்தப் பெண்களுக்கு முழுமையான பயணிகள் பட்டியல் எதுவும் மிஞ்சவில்லை. 'அந்த வருஷம் இந்தக் கப்பல் வந்தது, அவள் கல்யாணம் அடுத்த மாதம், ஆகவே இந்தக் கப்பல்தான்' என்று யாரோ கணக்குப் போட்டது ஊரெல்லாம் தகவலாகத் திரிகிறது.

பங்குவீட்டுக் கணக்கு:

கையெழுத்தைப் படிப்பது பற்றி யாரும் சொல்லவில்லை.

17ஆம் நூற்றாண்டுக் குருமார் எழுத்தில் மாதத்தை எண்ணோடு சுருக்கி எழுதுவார்கள். 7 போட்டு மேலே 'ப்ர' என்று சுழித்திருந்தால் அது செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்துக்குறி டிசம்பர். இதை ஜூலை, ஆகஸ்ட் என்று எடுத்துக்கொண்ட மரங்கள் ஏராளம். முதல் குழந்தை மணத்துக்கு முன்னே பிறந்ததாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான், அந்தப் பெண்ணை அல்ல.

பெயர்களைக் குருவானவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே பெண்ணின் குடும்பப்பெயர் மணப்பதிவில் ஒரு விதமாகவும் ஐந்து பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில் வேறு ஐந்து விதமாகவும் இருக்கும். அந்தக் காலத்து எழுத்தில் யு-வும் வி-யும், ஐ-யும் ஜே-யும் ஒன்றுக்கொன்று மாறி நிற்கும். கடைசியில் உச்சரிக்காத எழுத்துகள் வரும், போகும். தேடுபெட்டியில் முழுப்பெயரை அடிக்காமல் முதல் மூன்றெழுத்தும் நட்சத்திரக்குறியும் போடுங்கள்.

பட்டப்பெயர் இன்னொரு குழி. ஒருவர் 'மிவீய் தி தெஷேன்', அதாவது 'தெஷேன் எனப்படும் மிவீய்' என்று இருப்பார். பிள்ளைகளில் பாதிப்பேர் மிவீய் ஆகவும் மீதி தெஷேன் ஆகவும் பிரிந்துபோவார்கள். படைவீரர் குடும்பங்களில் இது மிக அதிகம். 1665இல் வந்த கரின்யான்-சாலியேர் படையில் சுமார் 1,200 பேர், அவர்களில் 400 பேரளவில் தங்கிவிட்டார்கள். பலருக்குப் படையில் வைத்த பெயரே குடும்பப்பெயராக ஒட்டிக்கொண்டது. கணவன் பெயரால் பதிவு கிடைக்கவில்லை என்றால் பட்டப்பெயரால் தேடுங்கள்.

1679 முதல் பதிவேடு இரண்டு படியாக எழுதப்பட்டது. ஒன்று கோயிலுக்கு, மற்றது நீதிமன்றத்துக்கு. ஒரு படியில் மை ஊறிப்போயிருந்தால் மற்றதைத் தேடிப் பாருங்கள். படியெடுத்தவர் சோம்பலில் ஒரு வரி விட்டிருப்பதும் உண்டு, ஆகவே இரண்டும் முரண்பட்டால் எது மூலம் என்று பார்த்து முடிவெடுங்கள்.

நிலாவெளி:

மிக்க நன்றி எல்லாருக்கும். 1920களிலிருந்து ஏறி 1843 வரைக்கும் வந்திட்டன். அங்கே தட்டுது. அந்த மணப்பதிவில் மணமகளுக்குத் தாய் தகப்பன் பெயர் இல்லை. 'இன்னாரின் கைம்பெண்' என்று மட்டும் இருக்கு.

தாளோலை:

நடப்பதுதான். மறுமணம் என்றால் பெற்றோரை எழுதாமல் செத்த கணவர் பெயரை மட்டும் எழுதுவார்கள். அவளுடைய முதல் மணப்பதிவைத் தேடுங்கள், பெற்றோர் அங்கே இருப்பார்கள். தேடும் வழி: செத்த கணவர் பெயரோடு அவள் பெயரைச் சேர்த்து ஜோடியாகத் தேட வேண்டும். துருவேன் அட்டவணையும் பிஆர்டிஹெச்சும் இரண்டு பெயரையும் ஒரே நேரத்தில் வாங்கும். தனிப் பெயராகத் தேடினால் 'மரி' என்று ஆயிரம் பேர் வருவார்கள், பெண்பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு முன்னொட்டாக மரி உண்டு. இரண்டாவது பெயரைப் பிடியுங்கள்.

இன்னொன்று. முதல் கணவரின் பிள்ளைகள் சில நேரம் தாயின் இரண்டாம் கணவர் பெயரில் வளர்ந்து, அந்தப் பெயரிலேயே மணமுடித்திருப்பார்கள். உங்கள் சங்கிலியில் இருக்கும் மகள் 1843க்கு முன் பிறந்தவளா பின் பிறந்தவளா என்று சரிபாருங்கள். தாய்வழிக்கு இது பாதகமில்லை, ஆனால் பதிவு கிடைக்காமல் போவதற்குக் காரணமாக இருக்கலாம்.

மேப்பிள்தெரு:

எல்லைக்கு அங்கால போன கிளை ஏதும் இருக்கோ நிலாவெளி? 1840க்கும் 1930க்கும் இடையில் ஒன்பது இலட்சம் அளவில் கியூபெக் சனம் அமெரிக்க நெசவாலைகளுக்குப் போனது. அங்கே போனதும் ருவா என்ற ஆள் கிங் ஆனார், புவாவேர் கிரீன்வுட் ஆனார். பெண்களும் புருஷன் பெயருக்கு மாறிவிட்டினம். மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மேன் பக்கம் அறுந்துபோன கண்ணியை ஒட்ட, அங்குள்ள பிரெஞ்சுப் பங்குகளின் பதிவேட்டைப் பார்க்க வேணும். பிரெஞ்சுக் குருவானவர் எழுதிய ஏட்டில் பிறந்த வீட்டுப் பெயர் அப்படியே இருக்கும், நகரசபைச் சான்றிதழில்தான் தொலைஞ்சு போகும்.

கூடல்மாணிக்கம்:

மேலே போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெண் உண்மையிலேயே அரசரின் மகள்தானா என்ற கேள்வி வரும். 1663 முதல் 1673 வரை வந்த சுமார் 770 பேரைத்தான் அப்படி எண்ணுகிறார்கள். 1634க்கும் 1662க்கும் இடையில் வந்த மணமாகாத பெண்கள் 260 சொச்சம் பேர் வேறு கூட்டம், அவர்களுக்கு அரசர் செலவு இல்லை. மரங்களில் இரண்டையும் குழப்புவார்கள். 1663க்கு முன் மணமானவள் என்றால் சந்தேகமே வேண்டாம், அவள் அரசரின் மகள் அல்ல.

1669 என்பது காலத்துக்குள் வருகிறது. அடுத்து திருமண ஒப்பந்தம். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கோயிலுக்குப் போகும் முன் நோட்டரி முன்னிலையில் ஒப்பந்தம் எழுதினார்கள். அரசர் தந்த 50 லிவ்ர் (பழைய பிரெஞ்சு நாணயம்) பரிசு அதில் குறிக்கப்பட்டிருந்தால் அடையாளம் உறுதி. உயர்குடிப் பெண்களுக்கு 100 லிவ்ர் என்று வழங்கப்பட்டது. எல்லா ஒப்பந்தத்திலும் இந்தப் பரிசு எழுதப்படவில்லை என்பதால், வரி இல்லாததை வைத்து 'இல்லை' என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். வந்த ஆண்டு, மணமான ஆண்டு, தனியாக வந்தாளா குடும்பத்தோடு வந்தாளா என்பதைச் சேர்த்துப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

ஒப்பந்தம் எங்கே என்று கண்டுபிடிக்க பார்ஷ்மேன் என்ற தரவுத்தளம் உண்டு. 1626 முதல் 1801 வரையான நோட்டரி ஆவணங்களுக்குச் சுருக்கக் குறிப்பும் தேதியும் நோட்டரி பெயரும் அதில் கிடைக்கும். கியூபெக் தேசிய நூலக ஆவணக்காப்பக வாசிப்பறைகளில் பார்க்கலாம். நோட்டரி பெயரும் தேதியும் கையில் வந்துவிட்டால் அதே காப்பகத்தின் இணையதளத்தில் பழைய நோட்டரிகளின் கட்டுகள் படமாக உள்ளன. தேதி வரிசையில் இருக்கும்.

1669இல் மணமுடித்தவள் 1666, 1667 குடிமதிப்பில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) பெரும்பாலும் இருக்க மாட்டாள். 1681 குடிமதிப்பில்தான் பார்க்க வேண்டும். அதில் கணவன், மனைவி, பிள்ளைகள், வயது, துப்பாக்கி, மாடு, திருத்திய நிலம் எத்தனை ஆர்ப்பன் (பழைய பிரெஞ்சு நில அளவு) என்பது வரை இருக்கும். வயதை மட்டும் நம்பாதீர்கள். 1667இல் 25 என்று எழுதப்பட்டவர் 1681இல் 34 ஆக இருப்பதெல்லாம் சாதாரணம்.

வால்காவேரி:

இந்தப் பெண்கள் விலைமாதர், தெருவில் பிடித்து ஏற்றி அனுப்பினார்கள் என்று யாராவது இங்கே வந்து எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 1719–20இல் பாரிஸ் சிறை, மருத்துவமனைகளிலிருந்து பெண்களை வலுக்கட்டாயமாக ஏற்றியது லூசியானாவுக்கு. கியூபெக்கும் 1660களும் வேறு. பாரிஸின் சால்பெத்ரியேர் இல்லத்தில் வளர்ந்த அநாதைப் பெண்கள் கியூபெக்குக்கு வந்தவர்களில் உண்டு, ஆனால் அநாதை இல்லம் என்பதற்கும் நீங்கள் நினைப்பதற்கும் சம்பந்தமில்லை.

மேப்பிள்தெரு:

ஒரு எச்சரிக்கை, குடும்பப்பெயரை வைத்து மேலே தாவ வேண்டாம். எபேர் என்ற பெயர் உள்ள எல்லாரும் தாங்கள் லூயி எபேர், மரி ரொலே தம்பதியின் வழி என்று சொல்லுவினம். 1617இல் பிள்ளைகளோட வந்து குடியேறிய முதல் குடும்பம் அது. ஆனால் அவையின் மகன் கியோம் வழியில் வந்த பேரன் ஜோசெப்பை 1661இல் இரொக்குவா என்ற பூர்வகுடி வீரர்கள் பிடித்துப் போனார்கள், ஆண்வழி அந்தக் கிளையில் நீளவில்லை. இன்றைக்கு அந்தத் தம்பதியின் இரத்தம் ஓடுகிற ஆட்களுக்கு, 1621இல் கியோம் குய்யாரைக் கட்டிய மகள் கியமெத் வழியாகவோ மகன் கியோமின் பெண்பிள்ளை வழியாகவோதான் வந்திருக்கும். அக்காடியாவின் (கிழக்குக் கரையில் இருந்த இன்னொரு பிரெஞ்சுக் குடியேற்றம்) எபேர்கள் அந்துவான், எத்தியேன் என்ற இரண்டு சகோதரரின் வழி, வேறு குடும்பம்.

அந்தக் காலத்துக்கு இன்னொரு சங்கடம்: கியூபெக் நகரக் கோயில் 1640 ஜூனில் எரிஞ்சது, பதிவேடும் போயிற்று. இப்ப இருக்கிற 1640க்கு முந்திய பக்கங்கள் பிறகு ஆட்களைக் கேட்டு ஞாபகத்தில் இருந்து எழுதினவை. அங்கே ஒரு தேதி இல்லை என்பதால் நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று ஆகாது.

நிலாவெளி:

குடும்பத்தில் ஒருத்தர் 'நாங்கள் சார்லமேன் பேரரசரின் வழி' என்று சொல்லுறார். இதுக்கும் இந்தத் தாய்வழிக்கும் தொடர்பு இருக்குமோ?

கூடல்மாணிக்கம்:

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று மட்டும் சொல்ல முடியும்.

கத்ரின் த பையோன் என்று ஒருத்தி. தகப்பன் அல்ஃபோன்ஸ் த பையோன், தாய் லூயிஸ் த மார்ல். பாரிசுக்கு மேற்கே மோன்ஃபோர்-லாமோரி பக்கத்துச் சிறு பிரபுக் குடும்பம். 1669 நவம்பரில் கியூபெக்கில் ஜாக் மிவீயை மணந்தாள். மாமனார் பியேர் மிவீய் சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர்க்கிலிருந்து வந்த தச்சர். ஒரு பிரபு வீட்டுப் பெண் தச்சர் மகனைக் கட்டிக்கொண்ட கதை அந்த ஊரில் சகஜம். கணவன் மனைவி இருவரும் 1688 ஜனவரியில் இறந்தார்கள். 1997இல் ரெனே ஜெத்தேயும் வேறு மூன்று ஆய்வாளர்களும் அவளுடைய முன்னோரை பிரான்சின் ஃபிலிப் ஒகுஸ்த் மன்னர் வரைக்கும், அங்கிருந்து சார்லமேன் வரைக்கும் ஆவணத்தோடு நிறுவிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு அந்தப் பெண்ணின் வாரிசுகள் அனைவரும் சார்லமேன் பேரப்பிள்ளைகள் ஆனார்கள், அது சரிதான். ஆனால் அதே சூட்டில் பெயருக்கு முன் 'த' இருக்கும் ஒவ்வொரு பெண்ணையும் பிரபு வீட்டுப் பெண் ஆக்கிவிட்டார்கள். 'த' என்பது ஊர்ப்பெயராகவும் இருக்கும், நிலத்தின் பெயராகவும் இருக்கும், பிரபுத்துவத்துக்குச் சான்று அல்ல. பையோன் விஷயத்தில் நின்றது தகப்பனின் பட்டம், நோட்டரி ஆவணங்கள், பிரபுத்துவச் சான்றுகள் என்று தலைமுறைக்கு ஒரு தாள்.

உங்கள் சங்கிலியில் 1669 மணம் என்றதும் அவர் இதைக் கேட்டு நினைத்திருக்கலாம். அந்த ஒரே ஆண்டில் மணமானவர்கள் பலர். உங்கள் குடும்பம் பையோன் வழியாகவே இருந்தாலும், அவள் தாய்வழியில் இருக்க வேண்டும் என்று இல்லை. பத்துத் தலைமுறை மேலே 1,024 இடங்கள் உண்டு, அம்மாவுக்கு அம்மா என்று நேராகப் போகும் இடம் அதில் ஒன்றே ஒன்று.

தாளோலை:

அட்லாண்டிக்கைத் தாண்டும் கண்ணியைப் பற்றி. முதலில் ஃபிஷியே ஒரிஜின் என்ற இலவசத் தரவுத்தளத்தில் பெயரை அடியுங்கள். பிரான்சின் மூலப் பதிவேட்டில் ஞானஸ்நானமோ பெற்றோர் மணமோ கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு அதில் தாள் இருக்கும், தேதியும் இடமும் சேர்த்து. அங்கே இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் மணப்பதிவில் உள்ள ஊரை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

பங்குப் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். பிரான்ஸ் முழுக்க சேன்-மர்த்தேன் பங்குகள் கொட்டிக் கிடக்கின்றன. எந்த ஆயர் மறைமாவட்டம் என்று பதிவில் எழுதியிருக்கும், அதைக் கொண்டுதான் ஊரைக் கண்டுபிடிக்க முடியும். பழைய மாகாணங்களை இன்றைய மாவட்டத்துக்கு மாற்றுங்கள்: ஒனிஸ் என்றால் ஷரந்த்-மரித்தீம், பெர்ஷ் என்றால் பெரும்பாலும் ஒர்ன், ருவான் மறைமாவட்டம் என்றால் செய்ன்-மரித்தீம் பக்கம். அந்தந்த மாவட்ட ஆவணக்காப்பகம் பதிவேட்டுப் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது, பெரும்பாலும் இலவசம். பிரான்சில் ஞானஸ்நானத்தைப் பதியச் சொன்ன ஆணை 1539இல், மணத்தையும் அடக்கத்தையும் சேர்த்தது 1579இல். ஆனாலும் 1640களின் ஏடு உங்கள் பங்கில் மிஞ்சியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

லா ரோஷெல் என்றால் கத்தோலிக்க ஏட்டில் இல்லாவிட்டால் சீர்திருத்தச் சபையின் (புரொட்டஸ்டன்ட்) ஏட்டையும் பாருங்கள். கனடாவுக்கு வந்தபின் கத்தோலிக்கராக மாறியவர்களில் பலர் அங்கே கால்வின் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

பாரிஸ்தான் பெரிய தலைவலி. 1871 மே மாதம் கம்யூன் கலவரத்தில் நகரசபைக் கட்டடமும் நீதிமன்றக் கட்டடமும் எரிந்தன. மூலப்படி ஓரிடத்தில், நகல்படி மற்றோரிடத்தில். இரண்டுமே போயின. 1860க்கு முந்திய ஏறக்குறைய 80 இலட்சம் பதிவுகள் சாம்பல். பிற்பாடு திரட்டி எழுதியது 27 இலட்சம் அளவில், அதிலும் 17ஆம் நூற்றாண்டு மிகக் கொஞ்சம். ஆகவே 'பாரிஸ், சேன்-சுல்பிஸ் பங்கு' என்று மணப்பதிவு சொன்னால் ஞானஸ்நானத்தைத் தேடி அலைய வேண்டாம். பாரிஸ் நோட்டரிகளின் கட்டுகள் நோட்டரிகளிடமே இருந்ததால் தப்பின, இப்போது பிரான்ஸ் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. பெற்றோரின் திருமண ஒப்பந்தம், தகப்பன் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், பிள்ளைகளுக்குக் காப்பாளர் வைத்த ஆவணம் இவற்றில் மகள் பெயர் வரக்கூடும். தகப்பனின் தொழில் தெரிந்திருந்தால் தேடல் சுருங்கும். அதுவும் கிடைக்கவில்லை என்றால், மணப்பதிவில் உள்ள பெற்றோர் பெயரோடு நிறுத்தி 'இதற்கு மேல் ஆவணம் இல்லை' என்று எழுதிவிடுங்கள். காலியாக இருக்கும் பெட்டியில் பெயர் நுழைப்பவர்களால்தான் இந்தத் தொழிலே நாறிக்கிடக்கிறது.

பங்குவீட்டுக் கணக்கு:

கியூபெக் குடும்பங்களைத் தொகுத்த பழைய அச்சு வம்ச அகராதிகள் பற்றியும் ஒரு சொல். தாங்கே என்ற குருவானவர் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதி வெளியிட்டார். தனி மனிதரின் அசுர உழைப்பு, ஆனால் ஒரே பெயருள்ள இருவரை ஒருவராக்கியதும் ஒருவரை இருவராக்கியதும் அதில் நிறைய. இணைய மரங்களின் பிழைகளில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 1730 வரைக்கும் ஜெத்தேயின் அகராதி அதைவிடப் பல மடங்கு நம்பகமானது. இரண்டும் முரண்பட்டால் ஜெத்தே, ஜெத்தேயும் மூலப்படமும் முரண்பட்டால் மூலப்படம்.

மேப்பிள்தெரு:

மரபணுப் பரிசோதனை எண்டால் இந்தத் தேடலுக்கு மைட்டோகாண்ட்ரியப் பரிசோதனை ஒன்றுதான் பொருந்தும். தாய் தன் எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்பாள், மகன் தன் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டான். ஆகவே சோதனைக்குக் குடும்பத்து ஆண் எச்சில் கொடுத்தாலும் சரிதான், ஆனால் அவர் நேர் தாய்வழியின் கடைசிப் புள்ளியாக இருக்க வேணும். முழு 16,569 எழுத்தும் படிக்கிற சோதனை எடுங்கோ. ஒரு துண்டு மட்டும் படிக்கிற மலிவுச் சோதனையில் 'ஹெச்' என்ற தாய்வழி மரபணுக் குழு என்று வரும், ஐரோப்பாவில் பாதிப் பேர் அதுதான், ஒன்றும் நிரூபிக்க முடியாது.

ஒருத்தரின் முடிவு மட்டும் சான்று இல்லை. அந்த 1669 பெண்ணின் இரண்டு வெவ்வேறு மகள்மார் வழியாக, ஆவணத்தால் உறுதியான இரண்டு ஆட்களின் எழுத்துவரிசை பொருந்த வேணும். பொருந்தினால் இரண்டு சங்கிலியும் ஒரே அடியில் நிமிரும். பொருந்தாவிட்டால் எங்கேயோ ஒரு கண்ணி பிழை. மூன்றாவது மகள் வழியிலும் ஒருத்தரைப் பிடித்தால் எந்தச் சங்கிலி பிழை என்று தெரிஞ்சுவிடும்.

இந்த முறை மருத்துவத்திலும் பயன்பட்டது. லெபர் எனும் பரம்பரைக் கண்நரம்பு நோய்க்குக் காரணமான, 14484ஆம் இடத்து மாற்றம் பிரெஞ்சுக் கனேடியரிடம் எங்கிருந்து வந்தது என்று தாய்வழிச் சங்கிலிகளை ஏறிப் பார்த்தபோது, 1669இல் கியூபெக் நகரில் மணமான ஒரு அரசரின் மகளில் போய்ச் சேர்ந்தது. 2005இல் வெளியான ஆய்வு. பார்வை இழப்பு ஆண்களிடம் அதிகம், கடத்துவது பெண்கள். சோதனைக்கு முதல் குடும்பத்திடம் இதைச் சொல்லிவிடுங்கோ, எல்லாருக்கும் இப்படியான தகவல் தெரிய விருப்பம் இருக்காது.

முத்தியால்பேட்டை:

நடுவில் ஒரு கேள்வி. புதுச்சேரி, ரெயூனியோன் குடும்பங்களுக்கும் இதே வழிதானா?

பங்குவீட்டுக் கணக்கு:

மணம் மணமாக ஏறும் முறை ஒன்றுதான். காப்பகம் வேறு. 1776 ஜூனில் வெர்சாய் ஆணை ஒன்று, குடியேற்றங்களின் பதிவேடுகளை ஒரு படி அதிகமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பச் சொன்னது. அந்தப் படிகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் உள்ள கடல்கடந்த நிலங்களின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால், பூர்போன் தீவு (இன்றைய ரெயூனியோன்) எல்லாம் அதன் இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். கியூபெக்கை 1763இலேயே பிரான்ஸ் விட்டுக்கொடுத்துவிட்டதால் அதன் பங்கு ஏடுகள் அந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால் 1666, 1667, 1681 குடிமதிப்புகளின் மூலம் எக்ஸில்தான் கிடக்கிறது. புதுச்சேரிக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

நிலாவெளி:

1700களுக்குள்ள வந்திட்டன். 1758 மணப்பதிவில் 'மூன்றுக்கு நான்கு என்ற படியில் இரத்த உறவுக்கு விலக்கு' என்று எழுதியிருக்கு. இதை எப்படிப் பயன்படுத்துறது?

தாளோலை:

இது உங்களுக்குக் கிடைத்த நல்ல சான்று. திருச்சபை படி எண்ணும் முறை: இரண்டாம் படி என்றால் பொதுவான தாத்தா பாட்டி, மூன்றாம் படி என்றால் பொதுவான பூட்டன் பூட்டி, நான்காம் படி என்றால் அதற்கும் மேலே ஓட்டன் ஓட்டி. 'மூன்றுக்கு நான்கு' என்றால் ஒரே தம்பதி ஒரு பக்கத்துக்குப் பூட்டன் பூட்டி, மறுபக்கத்துக்கு ஓட்டன் ஓட்டி. மாப்பிள்ளை, பெண் இரண்டு பக்கமும் மரத்தை வரைந்து பாருங்கள். அந்தத் தம்பதி இரண்டிலும் சரியான உயரத்தில் வந்து நின்றால் நடுவில் உள்ள கண்ணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுதிப்படும். வராவிட்டால் எங்கேயோ ஒரு தாய் மாறிப்போயிருக்கிறாள்.

ஒன்று கவனம்: இரத்த உறவு என்று எழுதியிருக்கிறதா, சம்பந்த வழி உறவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டாவது என்றால் இறந்துபோன முதல் கணவன் அல்லது மனைவி வழியான உறவு, மணமக்களுக்குள் இரத்தத் தொடர்பு இருக்காது.

நிலாவெளி:

இரத்த உறவுதான். இரண்டு பக்கமும் 1669 தம்பதியில் போய் முட்டுது, மூன்றும் நான்கும் சரியாக இருக்கு. ஒப்பந்தமும் கிடைச்சது, 50 லிவ்ர் வரி இருக்கு. ஆனால் பார்ஷ்மேனில் அதே பெண்ணின் பெயரில் மூன்று கிழமைக்கு முந்தி இன்னொரு ஆணோடு இன்னொரு ஒப்பந்தம். இணைய மரத்தில் அவரை 'முதல் கணவர்' என்று போட்டிருக்கினம்.

கூடல்மாணிக்கம்:

அரசரின் மகள்களிடம் இது வழக்கம். ஒப்பந்தம் எழுதிவிட்டு, அந்த ஆளின் குடிசையையும் நிலத்தையும் விசாரித்துவிட்டு மனம் மாறுவார்கள். ஒப்பந்தம் என்பது மணம் அல்ல. முதல் ஒப்பந்தத் தாளின் ஓரத்திலோ கடைசியிலோ இரு தரப்பும் சம்மதித்து ரத்து செய்த குறிப்பு இருக்கும். அங்கே இல்லை என்றால் அதே நோட்டரியின் அடுத்த சில வாரத் தாள்களைப் புரட்டுங்கள், தனி ரத்து ஆவணமாக எழுதியிருக்கலாம். கோயில் ஏட்டில் அந்த ஆளோடு மணப்பதிவு இல்லை என்பதையும், இரண்டாவது ஒப்பந்தத்தில் அவளைக் 'கைம்பெண்' என்று சொல்லவில்லை என்பதையும் குறித்துவையுங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் முதல் கணவரை மரத்திலிருந்து எடுத்துவிடலாம்.

வால்காவேரி:

அந்த 'முதல் கணவருக்கு' பிள்ளை குட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று பார். இருந்தே தீரும்.

நிலாவெளி:

இருக்கினம். இரண்டு பேர். ஒருத்திக்குப் பிறந்த ஆண்டு 1672.

தாளோலை:

1672இல் அவளுக்கு உண்மைக் கணவனோடு பிறந்த பிள்ளையாகத்தான் இருக்கும், தகப்பனை மட்டும் மாற்றி ஒட்டியிருப்பார்கள். ஞானஸ்நானப் பதிவைத் திறந்து தகப்பன் பெயர், ஞானத்தாய், ஞானத்தந்தை மூன்றையும் படியுங்கள். 1681 குடிமதிப்பில் அந்த வீட்டில் ஒன்பது வயதுப் பெண் இருக்கிறாளா என்றும் பாருங்கள். இன்னொரு பிள்ளைக்குப் பதிவே கிடைக்காவிட்டால், முதல் ஆள் பிறகு வேறொருத்தியை மணந்தாரா என்று பிஆர்டிஹெச்சில் தேடுங்கள், அந்தக் குடும்பத்துப் பிள்ளை இங்கே வந்து ஒட்டியிருக்கலாம்.